பூஜையில் வைத்த மருந்துப் பாட்டில்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கிறவர்கள் என்னிடம் ஒரு பழைய எக்ஸ்ரே படம் கேட்டார்கள். வெள்ளிவிழா வருகிறதாம். நடைக்கூடத்துச் சுவரில் மாட்ட வேண்டுமாம். கூடவே, அந்த நாளில் ஹிஸ்டோன் புரத வேலை எப்படி நடந்தது என்று விழா மலருக்கு நான்கு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். புரதம் செய்யச் சொல்லிச் செல்லுக்குள் ஓடும் செய்தி இழையையே இன்று அவர்கள் நேராகப் பிடித்து, எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிடுகிறார்கள். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. செய்தியால் உண்டான புரதத்தைப் பார்த்து, செய்தி இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தோம்.

படம் என்னிடம் இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றைப் பற்றி மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டையும் பற்றி எழுதினால் விழா மலருக்குப் பொருந்துமோ என்னவோ, அதை ஆசிரியர் குழு முடிவு செய்யட்டும்.

நான் பாகூரில் பிறந்தவன். பள்ளிப் படிப்பு முழுக்கப் பிரெஞ்சில். இன்றைக்கும் ஏழு என்ற எண்ணை எழுதினால் குறுக்கே ஒரு கோடு போடுவேன். பிரெஞ்சு ஆட்சி போனதும் ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, சென்னையில் ஓராண்டு ஆய்வகப் பயிற்சி முடித்து, வில்லியனூருக்கு வெளியே கரும்பு வயல்களுக்கு நடுவில் இருந்த இந்தக் கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ஒரே கட்டடம், ஒரே பஸ். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. காலையில் கண்ணாடிக் குடுவைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போது, இந்த வேலைக்குச் சம்பளமும் தருகிறார்களே என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

வேலை இதுதான். மனித செல் ஒவ்வொன்றிலும் இரண்டு மீட்டர் நீளத்துக்கு டி.என்.ஏ. இழை இருக்கிறது. அது சிக்காமல் இருக்க ஹிஸ்டோன் என்ற புரதங்கள் மீது, நூல்கண்டில் நூல் சுற்றியது போலச் சுற்றிக் கிடக்கிறது. செல் இரண்டாகப் பிரியும் முன் இழை இரட்டிப்பாகிறது. அப்போது கண்டும் இரட்டிப்பாக வேண்டும். கண்டு குறைந்தால் இழை அவிழ்ந்து நிற்கும். கூடினால் அதுவும் செல்லுக்கு ஆகாது. அதனால் இழையை நகல் எடுக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் செல் ஹிஸ்டோனைச் செய்து குவிக்கிறது. நகல் நின்றால், ஹிஸ்டோன் செய்யச் சொல்லும் செய்தி இழைகளைக் கொஞ்ச நேரத்திலேயே அழித்துவிடுகிறது. செல்லுக்கு இது எப்படித் தெரிகிறது, நகல் நின்றால் ஹிஸ்டோன் முழுவதுமே நிற்கிறதா என்பதே எங்கள் ஆய்வுத் தலைவரான டாக்டரின் கேள்வி.

அதற்கு உயிருள்ள மனித செல் வேண்டும். ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரிப்போம். அவை சும்மா உறங்குபவை. ஒருவகைப் பயற்றின் சாரத்தைச் சேர்த்தால் எழுந்து மூன்றாம் நாள் பெருகத் தொடங்கும். எங்களுக்கு வழக்கமாக ரத்தம் கொடுத்தவர் மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி குப்புசாமி. கயிறு கயிறாக நரம்பு ஓடும் கை அவருக்கு. ஊசி குத்தும்போது முகம் சுளிக்கமாட்டார். வாய் மட்டும் ஓயாது.

"இன்னாபா, போன தபா எடுத்தது வளந்துச்சா?" என்பார், ஆட்டின் எடையை விசாரிப்பது போல.

மூன்றாம் நாள் செல்களை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கில் ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தைச் சேர்ப்போம். அது டி.என்.ஏ. நகலை நிறுத்திவிடும். குப்புசாமி பாட்டிலில் அந்தப் பேரைப் படிக்கக் கேட்டுவிட்டு, "யூரியாவா? எங் கரும்புக்குப் போட்டது பத்தாதுன்னு எனக்கே போடறியா?" என்று ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பிறகு இரண்டு பங்குக்கும் கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தை ஒரு மணி நேரம் ஊட்டுவோம். அந்த ஒரு மணி நேரத்தில் புதிதாகச் செய்த புரதத்தில் மட்டும் கதிரியக்கம் ஏறும். செல்லை உடைத்து, உட்கருவைப் பிரித்து, மூன்று தடவை கழுவி, நீர்த்த கந்தக அமிலத்தில் ஹிஸ்டோனைக் கரைத்தெடுக்க வேண்டும். எல்லாம் ஐஸில் நடக்க வேண்டும். மின்சாரம் போகிற நாட்களில் கடலூர் பஸ்ஸில் மீன் கூடைகளோடு வரும் ஐஸை வாங்கி உமி மூட்டைக்குள் வைத்துக்கொள்வோம். ஆய்வகம் முழுக்க வஞ்சிரம் மணக்கும். கரைத்தெடுத்ததை ஜெல் என்ற கூழ்ப்பலகையில் ஏற்றி மின்சாரம் செலுத்தினால் ஒவ்வொரு ஹிஸ்டோனும் தன் இடத்தில் பட்டையாக நிற்கும். பலகையை உலர்த்தி எக்ஸ்ரே படத்தோடு அழுத்தி, இருட்டில் குளிர்பெட்டிக்குள் மூன்று வாரம். படத்தைக் கழுவினால் அந்த ஒரு மணி நேரத்தில் செல் என்ன செய்தது என்று கறுப்புப் பட்டைகளில் தெரியும். மருந்து போடாத பக்கம் கறுகறுவென்று இருக்கும். போட்ட பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு இந்த வயல்காட்டுக்கு வந்து உட்கார்ந்தவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. படத்தை எப்போதும் மாலை நான்கு மணிக்கு, மேற்கு ஜன்னலில்தான் பார்ப்பார். படத்தின் மூலையில் செய்தவருடைய பெயர் இருக்கும். அதைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டுதான் தூக்குவார். யாருடையது என்று தெரிந்தால் கண் சலுகை காட்டும் என்பது அவர் கட்சி. பார்த்து முடித்த பிறகே விரலை எடுப்பார். அதன் பிறகு கேள்விகள், எப்போதும் மூன்றே மூன்று. அந்த மூன்று கேள்வியில் நாம் செய்த பிசகு எதுவோ அதன் வாசலுக்கு வந்து நிற்பார். அவ்வளவு நேர்மையான மனிதரிடம்தான் நான் பொய் சொன்னேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் நூர்ஜஹான் என்ற பெண் வேலைக்கு வந்தாள். வில்லியனூர்க் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள். விலங்கியல் பட்டதாரி. இரண்டு ஆண்டு தகுதிகாண் காலம். முடிவில் டாக்டர் எழுதும் குறிப்பு நன்றாக இருந்தால் வேலை நிரந்தரம். அவள் அப்பா அதற்குமேல் பொறுக்கத் தயாரில்லை. நிரந்தரமானால் போய்க்கொள், இல்லாவிட்டால் கடையில் வந்து உட்கார் என்று சொல்லிவிட்டாராம். அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஆணியும் போல்ட்டும் வேணாம் சார். இந்தப் பட்டையப் பாத்துட்டே காலம் தள்ளிடுவேன்" என்றாள். அவள் திரவத்தை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதைப் பார்த்தால், துளி விழுவதற்கு அவளிடம் உத்தரவு கேட்கிறதோ என்று தோன்றும்.

அவளுடைய இரண்டாம் ஆண்டில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கூடத்தில் அது பெரிய விசேஷம். தராசு, சுழல் எந்திரம், நுண்ணோக்கி எல்லாவற்றையும் துடைத்து சந்தனம் குங்குமம் வைப்போம். படையலில் வைத்த எதையும் விஜயதசமி முடியும்வரை தொடமாட்டோம். பொரி கடலையில் பாதியை நூர்ஜஹானே தின்று தீர்த்தாள்.

ஹைட்ராக்சியூரியா பாட்டில் ஈரம் உறிஞ்சும் உப்பு போட்ட கண்ணாடிப் பேழைக்குள்தான் இருக்க வேண்டும். ஈரம் பட்டால் அந்தத் தூள் கெட்டுப்போகும். 'வெளியே வைக்கக் கூடாது' என்று அலமாரிக் கதவில் என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன். அன்றைக்குப் பேழையையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பாட்டிலை வெளியே எடுத்தேன். நமக்குச் சோறு போடும் மருந்தாயிற்றே, இதுவும் ஆயுதம்தானே என்று மூடியைக் கழற்றித் துடைத்து, குங்குமம் வைத்து, திரும்ப வைத்து, படையலில் நிறுத்தினேன். மூடியைத் திருகி இறுக்கவில்லை. இரண்டு நாள் விடுமுறை. இரண்டு நாளும் மழை.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் தூள் கட்டி கட்டியாக இருந்தது. யூரியா மூட்டையைத் திறந்து போட்டால் என்ன ஆகும் என்று பாகூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றுதான் நூர்ஜஹானின் செல்கள் தயாராகும் நாள், செல்கள் காத்திருக்காது. வேறு பாட்டில் இருந்தது. ஆனால் அதைத் திறக்க டாக்டர் கையெழுத்து வேண்டும், ஏன் என்று கேட்பார். கட்டியைக் கரண்டியால் உடைத்து, நிறுத்து, கரைத்து, அவளிடம் கொடுத்துவிட்டேன். கொஞ்சம் ஈரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து, பழையது தீர்ந்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் புதுப் பாட்டிலைத் திறந்தேன். பழையதைக் கிணற்றடிக் குழியில் போட்டுப் புதைத்தேன்.

படம் வந்தது. டாக்டர் ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். மருந்து போட்ட பக்கத்திலும் எல்லாப் பட்டைகளும் இருந்தன, பாதிக்குச் சற்றுக் குறைவான கறுப்பில். நகல் நின்றதா என்று தனியாக எண்ணிச் சொல்லும் கருவி பழுதாகிச் சென்னைக்குப் போயிருந்தது. ஆகவே எங்களுக்குச் சாட்சி அந்தப் படம் மட்டுமே. அவர் விரலை எடுத்துப் பெயரைப் பார்த்தார். எத்தனை தடவை கழுவினாய் என்று அவளைக் கேட்டார். மூன்று என்றாள். ஐஸ் தீராமல் இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றாள். மூன்றாவது கேள்வி எனக்கு.

"மருந்து எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போல சார்."

என் வேலைக் காலம் முழுவதிலும் நான் செய்த தவறு இந்த மூன்று சொற்களில் அடங்கிவிடும். அப்போது அவள் வேலைக்கு ஆபத்து வரும் என்று நான் நினைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக என் பெயருக்கு எதிரே ஒரு பிசகும் இல்லை. அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

திரும்பச் செய்யச் சொன்னார். குப்புசாமி மறுபடி வந்து கையை நீட்டினார். இந்தத் தடவை மருந்து புதுப் பாட்டிலிலிருந்து. தை மாதம் படம் வந்தது. மருந்து போட்ட பக்கம் ஏறக்குறைய வெறுமை. ஆனால் முழு வெறுமை இல்லை. மூன்றாம் ஹிஸ்டோன் நிற்கும் இடத்தை ஒட்டி, ஒரு நூலிழை தள்ளி, மெல்லிய பட்டை ஒன்று நின்றது.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஒரே மருந்து, ஒரே ஆளோட ரத்தம், ஒரே கை. ரெண்டு தடவ ரெண்டு விதமா வருது. நான் எதை நம்புறதும்மா?" என்றார்.

"இந்தக் கடைசிப் பட்டை கொஞ்சம் தள்ளி நிக்குது சார். இது வேற ஏதோ ஒண்ணு. கழுவாத குறையா இருந்தா எல்லாப் பட்டையும்ல மிஞ்சணும்?" என்றாள் நூர்ஜஹான்.

"முதல் படத்துல அப்படித் தனியா ஒண்ணும் இல்லியே."

முதல் படத்தில் அது தடித்த பட்டைக்குள் மறைந்திருந்தது. ஏன் தடித்தது என்று அந்த அறையில் ஒருவனுக்குத்தான் தெரியும். முதல் தடவை மருந்து கெட்டிருந்தது சார், என் தவறு என்று நான் சொல்லியிருந்தால் முதல் படம் குப்பைக்குப் போயிருக்கும். இரண்டாவது படம் மட்டும் மேசையில் இருந்திருக்கும். அந்த மெல்லிய பட்டையைப் பார்த்து டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அது ஏற்கெனவே துடைத்த தட்டு.

பங்குனியில் குறிப்பு எழுதினார். பெண் புத்திசாலி, ஆனால் கை நிலையில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தவரை அது நியாயமான குறிப்பு. நூர்ஜஹான் தன் கண்ணாடிக் குழாய்களையெல்லாம் கழுவி அளவு வாரியாக அடுக்கி வைத்தாள். "வரேன் சார்" என்று என்னிடம் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

மூன்று ஆண்டுகள் போயின. ஒருநாள் நான்கு மணிக்கு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கையில் கப்பலில் வந்து சேர்ந்த வெளிநாட்டு ஆய்விதழ். நூர்ஜஹானின் படங்களைத் தேடி எடுக்கச் சொன்னார். தேட வேண்டிய அவசியமில்லை, அவை எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும். இரண்டாவது படத்தை ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். பெயரை மறைக்கவில்லை. நகல் நின்ற பின்னும் செல் சில ஹிஸ்டோன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டே இருக்கிறது என்று விளக்கினார். இழை இரட்டிப்பாகும்போது மொத்தமாகச் செய்யும் ஹிஸ்டோன் ஒரு வகை. தேய்ந்துபோன கண்டுக்கு மாற்றாக, நகலைப் பொருட்படுத்தாமல் எப்போதும் செய்துவைக்கும் ஹிஸ்டோன் இன்னொரு வகை. அதற்கான ஆணை வேறு. நாங்கள் பிந்திவிட்டோம் என்பதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அந்தப் பொண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. முதல் படம்தான் என்னைக் குழப்பிடுச்சு. நான் கடிதம் எழுதணும்" என்றார்.

கடிதம் எதற்கு, கடை என் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான், நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். உடனே போய்ச் சொல்லுங்கள், நான் மன்னிப்புக் கேட்டேன் என்றும் சொல்லுங்கள் என்றார். சொன்னால், முதல் படம் ஏன் அப்படி வந்தது என்று அவள் கேட்பாள். அதனால் நான் சொல்லவில்லை. சொல்லிவிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். பிறகு காலமானார்.

கடைக்குப் போகாமல் இல்லை. பூட்டு, கீல், குழாய்க்கு வாஷர் என்று ஏதாவது வேண்டித்தான் இருந்தது. அப்பாவுக்குப் பிறகு நூர்ஜஹான்தான் கல்லாவில். கணவர் சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகள். பழைய பேச்சை அவள் எடுத்ததேயில்லை. ஆணியோ கம்பியோ எதை நிறுத்தாலும், தட்டைக் காலி செய்து இன்னொரு தடவை நிறுத்துவாள். கடைத்தெருவில் அது தெரிந்த விஷயம். அங்கே ஒருமுறை குப்புசாமியைப் பார்த்தேன். "இந்தம்மா ரெண்டாவது தபா நிறுக்கறதுக்குள்ள எம் பஸ்ஸு மண்ணாடிப்பட்டே போய்ச் சேந்துடும்பா" என்று நொந்துகொண்டார். நானும் சிரித்தேன். நாணயமான வியாபாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் கூடத்து இளைஞர்கள் படம் கேட்டபோதுதான், இரண்டாவது படத்தை எடுத்துக் கொடுக்கப் போனேன். மூலையில் அவள் கையெழுத்தில் அவள் பெயர். அதை மறைத்துக்கொண்டு சுவரில் மாட்ட முடியாது. மறுநாள் காலை, கடை திறந்த நேரத்தில், இரண்டு படங்களையும் பழைய உறையில் போட்டுக்கொண்டு போனேன்.

"இன்னா சார், காலங்காத்தால? குழாய் மறுபடி ஒழுவுதா?" என்றாள்.

உறையைக் கொடுத்தேன். படங்களை எடுத்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, தள்ளி நின்ற அந்தப் பட்டைக்கு அவள் விரல் நேராகப் போயிற்று. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜை, குங்குமம், மழை, புதைத்த பாட்டில், டாக்டர் கேட்ட மூன்றாவது கேள்வி. பிறகு அவர் சொல்லியனுப்பியதையும் சொன்னேன்.

அவள் படங்களை உறைக்குள் போட்டாள். ஒருவர் வந்து தாழ்ப்பாள் கேட்டார். எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

"பாட்டில் விஷயம் எனக்குப் புரியுது சார். பயந்துட்டீங்க. யாரா இருந்தாலும் பயப்படுவாங்க. டாக்டர் சொன்னத ஏன் சார் சொல்லல? அது ஒரு வார்த்ததானே."

அதற்கும் அதே பயம்தான் என்றேன்.

"என் கை சரியில்லன்னு நானே நம்பிட்டேன் சார். புள்ளைக்கு மருந்து ஊத்துனாக்கூட ரெண்டு தபா அளப்பேன். எங்க வூட்டுக்காரரு கிண்டல் பண்ணுவாரு." உறையை என் பக்கம் நகர்த்தினாள். "மன்னிச்சுட்டேன்னு இப்பவே சொல்லணும்னு நிக்காதீங்க. அது வர்றப்ப வரட்டும்."

சரி என்றேன். கடை நடத்துவது எப்படியிருக்கிறது என்று, கேட்கத் தகுதியில்லாமல்தான் கேட்டேன். பிடித்திருக்கிறது என்றாள். முதல் ஓராண்டுதான் கஷ்டம், பிறகு இரும்பும் ஒரு படிப்புதான் என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதல். அந்த ஆறுதலை நான் சம்பாதிக்கவில்லை என்பதும் தெரியும்.

படத்தைச் சுவரில் மாட்டப் போகிறார்கள் என்று சொன்னேன். பெயர் போடுவார்களா என்று கேட்டாள். போடச் சொல்கிறேன் என்றேன். "நீங்க சொல்றேன்னு சொன்னா எனக்கு இனிமே பத்தாது சார். எழுதிக் குடுங்க. மலர்ல வரட்டும், முதல் படம் ஏன் அப்படி வந்துச்சுன்னும் சேத்து. அப்பறமா நானே வந்து பாக்கறேன்" என்றாள்.

அதனால்தான் இதை எழுதினேன். ஆசிரியர் குழு நான்கு பக்கத்துக்குக் குறைக்க வேண்டுமென்றால் என் பிறப்பையும் பிரெஞ்சுப் படிப்பையும் வெட்டிக்கொள்ளட்டும். மற்றது இருக்கட்டும். படத்தின் கீழே எழுத வேண்டியது: செய்தவரும் முதலில் கண்டவரும் நூர்ஜஹான்.

அன்று கடையிலிருந்து கிளம்பும்போது, படத்தின் சட்டம் மாட்ட ஆணி வேண்டும் என்று நினைவு வந்தது. சுவர் செங்கல்லா சிமெண்டா என்று கேட்டாள். செங்கல் என்றேன். ஒரு டப்பாவைத் திறந்து ஒரு கைப்பிடி ஆணியை அள்ளித் தட்டில் போட்டாள். முள் ஆடி, நூறு கிராமில் நின்றது. அவள் தட்டைக் காலி செய்து மறுபடி போடுவதற்காக நான் காத்து நின்றேன்.

அவள் ஆணிகளைக் காகிதத்தில் கொட்டி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.